இடையில் ஒரு காது

அத்துவாசோ ஊரில் குழந்தை பிறந்த கிழமையே அதன் முதற்பெயராக அமைகிறது. கிழமையோடு குணமும் சேர்ந்தே வருகிறது என்பது அவ்வூராரின் நம்பிக்கை. திங்கட்கிழமையில் பிறந்த பெண் அஜோவா. அவள் குளிர்ந்த மனத்தவள். புதன்கிழமையில் பிறந்தவள் அக்குவா. அவளருகில் நிற்பவர்கள் அடுப்பருகே நிற்பவர்களைப் போலச் சற்று எட்டி நிற்பது நல்லது. அக்குவா தாபுவா புதன்கிழமையில் பிறந்தாள். அதைத் தன் வாழ்நாளில் எத்தனையோ முறை அவள் சாக்காகச் சொல்லியிருக்கிறாள்.

சிறுமியாக இருந்தபோது அக்காவின் தண்ணீர்ப் பானையை உடைத்தாள். "புதன்கிழமைக்காரி, என்ன பண்ணச் சொல்றே?" என்று தாய் பானையின் சொந்தக்காரியையே சமாதானப்படுத்தினாள். பள்ளியில், பக்கத்திலிருந்த பெண்ணை அடித்த ஆசிரியரின் பிரம்பைப் பிடுங்கி ஒடித்து அவர் மேசைமீதே வைத்தாள். அத்தோடு பள்ளிப் படிப்பும் ஒடிந்தது. திருமணமான பின்பு, அவள் குரல் உயரத் தொடங்கியதும் கணவர் வானொலிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். அவர் வானொலியோடு நிற்பதைக் கண்டால், "இன்னைக்கு என்னப்பா, உள்ள இடியா மழையா?" என்று தெருவே கேட்கும்.

அந்தக் குணம்தான் அவளைத் தலைவியாக்கியது. சாலையை அகலப்படுத்துவதற்காகப் பெருவள்ளிக் கிழங்குச் சந்தையின் கொட்டகையை இடிக்க ஒருமுறை இயந்திரம் வந்தது. மற்ற வியாபாரிப் பெண்கள் கூடி நின்று அழுதார்கள். தாபுவாவோ தன் முக்காலியைத் தூக்கிச் சென்று இயந்திரத்தின் முன்னால் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு கிழங்கை வைத்துத் தோல் சீவத் தொடங்கினாள். அடுப்பையும் அங்கேயே வரவழைத்து, வேகவைத்து, ஓட்டுநருக்கும் ஒரு துண்டு கொடுத்துத் தானும் உண்டாள். மாலைவரை அவள் எழுந்திருக்கவில்லை. இயந்திரம்தான் திரும்பிப் போயிற்று. பழைய தலைவி இறந்தபோது கிழங்குக்காரிகள் வேறொரு பெயரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அன்றுமுதல் அவள் அனைவருக்கும் 'நனா' ஆனாள். பெரியவர்களையும் தலைவர்களையும் அவ்வூரார் அப்படித்தான் அழைப்பார்கள்.

தலைவி தன் வாயால் சபையில் பேசுவது அங்கு வழக்கமில்லை. அவள் சொல்வதைக் காதில் வாங்கி, எழுந்து நின்று சபைக்கு வழங்க ஒருத்தி இருப்பாள். அவளை 'ஒச்சியாமே' என்பார்கள். தாபுவாவுக்கு அந்தப் பணியைச் செய்ய அமைந்தவள், பக்கத்துக் குவியலில் கிழங்கு விற்றுவந்த அஜோவா பிராகோ, திங்கட்கிழமைக்காரி. ஒடிசலான உடம்பு, வாயோரத்தில் எப்போதும் ஒரு பல்குச்சி, கையில் பதவிக்குரிய கோல். கோலின் உச்சியில் செதுக்கியிருந்த பறவைக்கு அலகு உடைந்திருந்தது.

சபை நாள்களில் நடப்பது இதுதான். ஒருத்தியின் வாடிக்கையாளரை இன்னொருத்தி கையைப் பிடித்து இழுத்திருப்பாள். தாபுவா, பிராகோவின் காதருகே குனிந்து சீறுவாள்: "அந்த ஓட்டைவாய்க் கழுதைகிட்ட சொல்லு, இனிமே அடுத்தவ ஆளைத் தொட்டா கையை முறிச்சு அடுப்புல வச்சுடுவேன்னு."

பிராகோ பல்குச்சியை எடுத்துவிட்டு, கோலை ஊன்றி எழுவாள். "நனா சொல்றாங்க: நம்ம கொட்டகைக்கு ஒரே கூரைதான். மழை வந்தா எல்லாரும் ஒண்ணா ஒதுங்கறோம். ஒதுங்குற இடத்துல ஒருத்தரை ஒருத்தர் தள்ளினா, நனைறது யாரு? தங்கச்சி இதை யோசிக்கணும்னு நனா அன்போட கேக்கறாங்க."

கூட்டம் உச்சுக்கொட்டும். தவறு செய்தவள் எழுந்துவந்து மன்னிப்புக் கேட்பாள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மான்சா என்ற குறும்புக்காரிக்குமட்டும் சிரிப்பை அடக்க முடியாது. "நனா உள்ள போடுறது பச்சைமிளகா, ஒச்சியாமே ஊத்துறது தேனு. நடுவுல என்ன சமையல் நடக்குதோ, எனக்கும் கத்துக் குடுங்கடி!"

தாபுவாவும் சேர்ந்து சிரிப்பாள். சொல்லை அழகுபடுத்துவது ஒச்சியாமேயின் வேலைதானே, அதில் என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம். நெருப்பு தன்னுடையது; பிராகோ அதற்குப் பிடித்துக்கொடுக்கும் கைப்பிடித் துணி, அவ்வளவுதான். ஆண்டுகள் செல்லச் செல்ல, "அத்துவாசோ நனாவைப் போலப் பொறுமைசாலி உண்டா?" என்று அயலூர்ச் சந்தைகளிலும் பேசிக்கொண்டார்கள். அதையும் அவள் தன் பெயரிலேயே வாங்கிக்கொண்டாள்.

ஒருமுறை பெண்கள் அமைப்பொன்று, தலைமையைப் பற்றிப் பேச அவளைப் பக்கத்து நகருக்கு அழைத்தது. அங்கும் காதில் சொல்லி, பிராகோதான் வழங்கினாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. திரும்பிவரும் வண்டியில் தாபுவாவின் காதில் அந்தக் கைதட்டல் அடங்கவே இல்லை.

"ஏ பிராகோ, நீ ரொம்ப இழுக்குறே. நான் ஒரு வார்த்தை சொன்னா நீ ஒரு மூட்டை அவிழ்க்குறே. என் பேச்சோட காரமே போயிடுது. சனங்க என்கிட்ட எதிர்பாக்குறது காரத்தைத்தான்."

பிராகோ சன்னல் வழியே பார்த்தபடி பல்குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினாள். "சரி, நனா."

அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்று தாபுவா எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு மழை முன்கூட்டியே வந்தது. கொட்டகைக்கு வரும் கிழங்கில் பாதி, வடக்கே நலோங் என்னும் கிராமத்திலிருந்து வருவது. அதைக் கொண்டுவருபவர் வும்பேய். கொங்கொம்பா இனத்துப் பெரியவர், வார்த்தைகளை எண்ணிப் பேசுபவர். அவருடைய லாரியை எதிர்பார்த்துக் கொட்டகை காத்திருந்தது. பல நாள் தாமதமாக வந்த லாரியின் தார்ப்பாயை விலக்கியபோது நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே கிடந்தவை பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அழுத்திப் பார்த்தால் விரல் உள்ளே இறங்கியது.

உடனே சபை கூடியது. கிழங்குக்காரிகள் மடியில் அழுகலை வைத்துக்கொண்டு கத்தினார்கள். வும்பேய் தம் மேலாடையைத் தோளில் சரிசெய்துகொண்டு, எதிரிலிருந்த பலகையில் அமர்ந்து தம் முறை வருவதற்காகக் காத்திருந்தார். பிராகோ வழக்கம்போலக் காதைக் கொடுத்தாள். தாபுவா அந்தக் காதை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னைக்கு நடுவுல ஆள் வேண்டாம். என் வாயாலயே பேசுறேன்."

கூட்டம் அடங்கிப்போயிற்று. மான்சாகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியவரே, எத்தனை வருஷமா எங்க சோத்துல கை வச்சுச் சாப்பிட்டிருக்கீங்க? வெளியில பாத்தா பளபளப்பு, உள்ள பூரா சீழு. உங்க வீட்டுலேர்ந்து வர்றது எல்லாமே இப்படித்தானா? எல்லாமே உள்ளுக்குள்ளயே அழுகித்தான் போகுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் கொட்டகையின் அமைதி வேறுவிதமாக மாறியிருப்பதை அவள் உணர்ந்தாள். முந்தைய ஆண்டு வும்பேயின் மூத்த மகன் பிலிஜோ, வயிற்றுக்குள் சீழ் வைத்து இறந்துபோயிருந்தான். பார்ப்பதற்கு ஆலமரம் போன்றவன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அறிவதற்குள் முடிந்துவிட்டது. கொட்டகை முழுவதும் அந்தச் சாவுக்குப் போய்வந்திருந்தது. தாபுவாவும் போயிருந்தாள்.

அவள் அவனை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொல் போய் விழுந்த இடம் அதுதான்.

வும்பேய் மெல்ல எழுந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இப்பப் பேசுனது யாரு? நனாவா, கோல் பிடிச்சவங்களா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஒச்சியாமே பிழையாகச் சொல்லிவிட்டாள் என்று சொன்னால் போதும்; சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் மானக்கேடு இல்லை. இடையில் ஒரு காதை வைத்திருப்பதே அதற்காகத்தான். பிராகோ அந்தக் கதவைக் கண்டுகொண்டு பதறி எழுந்தாள்.

"அண்ணே, என் காதுலதான் கோளாறு. நனா காலையில சொன்னதை நான்தான் சரியா..."

"உன் காதைப் பத்தி யாரும் கேக்கலே! நீ உக்காருடி!" என்றாள் தாபுவா. "பேசுனது நான்தான். என் வாயாலதான்."

வும்பேய் தலையை அசைத்தார். பாலம் உடைந்ததையும், தார்ப்பாய்க்கு அடியில் கிழங்கு நாள்கணக்கில் வெந்து கிடந்ததையும் அவர் சொல்லவேயில்லை. பின்னர் ஓட்டுநர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. அவர் மேலாடையின் நுனியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார். பிராகோ கோலைத் தூணில் சாய்த்துவைத்துவிட்டுத் தன் குவியலுக்குப் போய் அமர்ந்துகொண்டாள்.

அதன்பின் நலோங்கிலிருந்து லாரி வரவில்லை. கிழங்குக்காரிகளின் குவியல்கள் சிறுத்தன. சில இடங்களில் வெறும் சாக்குமட்டும் விரித்துக் கிடந்தது. யாரும் தாபுவாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வரும்போது எழுந்து நின்று, "காலை வணக்கம், நனா," என்றார்கள். மான்சா கேலி பேசவில்லை. அதுதான் தாபுவாவுக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது. தூணில் சாய்ந்திருந்த கோலை யாரும் தொடவில்லை. அலகில்லாப் பறவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

'புதன்கிழமைக்காரி, என்ன செய்வது?' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இத்தனை காலம் மருந்தாக இருந்த அந்தச் சொல் இப்போது பலிக்கவில்லை. அவளை வாட்டிய நினைவு வேறு. பிலிஜோவின் சாவுக்குப் போயிருந்தபோது வெயில் கடுமையாக இருந்தது, அவளுக்குத் தலைவலி. பிராகோ காதைக் கொடுத்தபோது, "நீயே ஏதாவது சொல்லிடு, எனக்கு முடியலே," என்றாள். பிராகோ எழுந்து பேசினாள். கூடியிருந்தவர்கள் அழுதார்கள். வும்பேய் எழுந்துவந்து தாபுவாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "இந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன், நனா," என்றார். அவளும் தலையை அசைத்து அதைப் பெற்றுக்கொண்டாள். தனக்கு உரிமையில்லாத ஒன்றைக் கை நீட்டி வாங்கிய அந்தக் கைகளைப் பார்க்கவே இப்போது அவளுக்குக் கூசியது.

மன்னிப்புக் கேட்கவேண்டும். ஆனால் தனியே போய்க் கேட்க முடியாது. குற்றம் செய்தவருக்காக மன்றாட இன்னொருவர் உடன் வரவேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. அதனாலேயே பல நாள் அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஒருநாள் பிற்பகலில் போனாள். பிராகோ முற்றத்தில் நின்று, வேகவைத்த கிழங்கை உரலில் இட்டு ஃபுஃபு மாவாக இடித்துக்கொண்டிருந்தாள். உரலருகே உட்கார்ந்து, உலக்கை எழும் இடைவெளியில் மாவைப் புரட்டிக்கொடுக்க ஆளில்லை. தானே இடித்து, நிறுத்தி, குனிந்து, புரட்டி, மீண்டும் இடித்தாள். வந்தவளைக் கண்டும் உலக்கையை நிறுத்தவில்லை.

தாபுவா கையைக் கழுவிக்கொண்டு உரலருகே அமர்ந்தாள். உலக்கை எழுந்ததும் கையை உள்ளே விட்டு மாவைப் புரட்டினாள். உலக்கை இறங்கியது. கை வெளியே வந்திருந்தது. மீண்டும் எழுந்தது, மீண்டும் கை உள்ளே போயிற்று.

"விரல் போயிடப் போவுது," என்றாள் பிராகோ.

"போகட்டும்."

"போனா நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். எனக்கு அந்த வேலையும் வேண்டாம்."

தாபுவா மாவை மறுபடி புரட்டினாள்.

"நீ திங்கட்கிழமைக்காரி," என்று தொடங்கினாள் தாபுவா. "உன் ரத்தமே குளிர்ச்சி. எனக்கு..."

உலக்கை பாதியில் நின்றது.

"அக்குவா," என்றாள் பிராகோ. பல ஆண்டுகளாக அவள் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. "திங்கட்கிழமைக்காரிக்குக் கோபம் வராதுன்னு உனக்கு யாரு சொன்னா? சபை முடிஞ்சு வீட்டுக்கு வந்து இந்த உரல்லதான் நான் கத்துவேன். என் பிள்ளைங்ககிட்ட கேளு. 'அம்மா, இன்னைக்கு ஃபுஃபு பட்டு மாதிரி இருக்கு, சந்தையில பெரிய சண்டையா?'ன்னு கேக்குங்க. கிழமை எனக்கு எதையும் தரலே. நீ என் காதுல துப்புனதை நான் முழுங்கினேன். முழுங்கிட்டு வேற ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். அது குணமில்லடி. உழைப்பு."

தாபுவா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"என்கூட நலோங்குக்கு வர்றியா?" என்று மாவைப் பார்த்தே கேட்டாள்.

பிராகோ நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். "வர்றேன். கொட்டகை காஞ்சு கிடக்குதே, அதுக்காக. ஆனா ஒண்ணு. நீ காதுல என்ன சொல்றியோ அதைத்தான் சொல்லுவேன். ஒரு சொல்லு கூட்ட மாட்டேன், ஒரு சொல்லு குறைக்க மாட்டேன். உன் காரம் போயிடுதுன்னு நீதானே குறைப்பட்டே?"

வும்பேயின் வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில், அவர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். வழக்கப்படி பயணத்தைப் பற்றிக் கேட்டார். தாபுவா கொண்டுவந்திருந்த ஷ்னாப்ஸ் மதுப் புட்டியைப் பிராகோ அவர்முன் வைத்தாள். அதைத் திறந்தால் மன்னித்ததாகப் பொருள். அவர் அதைத் தொடவில்லை.

"தங்கச்சி," என்று பிராகோவைப் பார்த்தே பேசினார், "நீ இங்க வர்றது புதுசில்லையே. நீ எவ்வளவு மெதுவாச் சொல்லியும் உங்க நனா பேச்சு எப்பெல்லாம் எங்க ஆளுங்களைக் கடிச்சுதோ, அப்பெல்லாம் மறுநாளே நீ வந்து நின்னே. 'என் காதுல பிசகு, நனா அப்படிச் சொல்லலே'ன்னே. அது பொய்யின்னு எங்களுக்குத் தெரியும். ஆனா நாலு பேர் நடுவுல ஒண்ணா வாழ அந்தப் பொய் வேணும். இந்தத் தடவை என்ன சொல்லப் போறே? நடுவுல உன் காது இல்லையே."

தாபுவா பிராகோவைப் பார்த்தாள். பிராகோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகளாக இந்த மரத்தடிக்குத் தன் பெயருக்காக ஒருத்தி வந்து தலைகுனிந்திருக்கிறாள். அது இந்த ஊருக்குத் தெரியும். இந்த மரத்துக்குக்கூடத் தெரியும். தெரியாதவள் தான் ஒருத்திதான். காது மடல்கள் சுட்டன. எழுந்து ஓடிவிடலாமா என்று கால்கள் கேட்டன. இயந்திரத்தின்முன் மாலைவரை உட்காரத் தெரிந்தவளுக்கு இந்தப் பலகையில் உட்காருவது அரிதாக இருந்தது.

குனிந்து பிராகோவின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். பிறகு சொன்னாள், விட்டுவிட்டு, முனகலாக.

பிராகோ எழுந்து நின்றாள். ஒரு கணம், பழக்கத்தால், அவள் உதடுகள் வேறொரு தொடக்கத்தைத் தேடின. பின்பு அதைக் கைவிட்டாள்.

"நனா சொல்றாங்க: உங்க பிள்ளை சாவுக்கு வந்தேன். அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லலே. எனக்குத் தலைவலின்னு சும்மா உக்காந்திருந்தேன். நீங்க என் கையைப் பிடிச்சது தப்பான கை. அப்புறம் நானா வாயைத் திறந்தப்போ, மண்ணுல தூங்குற பிள்ளையை எழுப்பிச் சந்தையில நிறுத்திட்டேன். நீங்க கதவைத் திறந்துவிட்டீங்க, அதையும் மூடுனேன். எனக்கு வெக்கமா இருக்கு. என் கிழமையைச் சொல்லித் தப்பிக்க வரலே. அவ்வளவுதான்."

வேம்பின் பழங்கள் ஒன்றிரண்டு உதிர்ந்தன. வும்பேய் தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு மோசமாப் பேசி நான் கேட்டதே இல்ல, தங்கச்சி."

"அது என் பேச்சு இல்லண்ணே."

"தெரியுது," என்றார். அவர் குரல் சற்றே உடைந்திருந்தது. முதன்முறையாகத் தாபுவாவின் பக்கம் திரும்பினார். அவளால் அவர் கண்களைப் பார்க்க முடியவில்லை. "புட்டி இங்கேயே இருக்கட்டும். திறக்குறதா வேண்டாமான்னு நான் யோசிக்கணும்."

அறுவடைத் திருவிழா முடிந்த பின்பு ஒரு காலை நலோங் லாரி கொட்டகை வாசலில் வந்து நின்றது. கிழங்குக்காரிகள் ஓடினார்கள். வும்பேய் வரவில்லை. இளைய மருமகள் லமிசி இறங்கிவந்து, தலைவியின் இருக்கைக்கு முன்னால் முழந்தாளிட்டு வணங்கினாள். தூணிலிருந்த கோல் இப்போது பிராகோவின் கையில் இருந்தது.

"மாமா ஒரு சேதி சொல்லச் சொன்னார்," என்றாள் லமிசி. "புட்டியை இன்னும் திறக்கலயாம். ஆனா கிழங்கு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதுன்னு சொல்லச் சொன்னார்."

கொட்டகை தாபுவாவைப் பார்த்தது. அவள் குனிந்து, வாயைப் பிராகோவின் காதருகே கொண்டுபோனாள். பிராகோ காத்திருந்தாள். காதில் மூச்சுமட்டும் வந்தது. சூடாக வந்தது. தாபுவா நிமிர்ந்து, மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

பிராகோ கோலை ஊன்றி எழுந்தாள்.

"நனா இன்னைக்கு ஒண்ணும் சொல்லலே," என்றாள். "மான்சா, ஏண்டி வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறே? தார்ப்பாயை எடு. கிழங்குக்கு மூச்சு முட்டும்."